பி.டி. மிஸ் சொன்னாங்க

என் மகளின் வெள்ளை கான்வாஸ் ஷூக்கள் வாசல் மிதியடியில் கிடந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போது அவள் நாலாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகளின் ஷூவில் செம்மண் ஒட்டியிருக்கும். இவளுடையதில் சுண்ணாம்புத் தூள். தையல் ஓரங்களிலும் லேஸ் துளைகளிலும் அடைந்து, மிதியடியைத் தாண்டி ஹால் வரைக்கும் சின்னச் சின்ன வெள்ளைத் தடங்களாக வந்திருக்கும். நான் ஈரத்துணியோடு பின்னாலேயே போய்த் துடைப்பேன். மைதானத்தில் கோடு போடுகிற தூள் அது. மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு அதைவிட ஆகாத பொருள் வேறு உண்டா என்று ஒவ்வொரு மாலையும் மனம் அடித்துக்கொள்ளும். "அந்தப் பவுடர் கிட்ட உன்னை யாரு போகச் சொன்னா?" என்று கேட்பேன். பையை இறக்கிவைத்துக்கொண்டே அவள் சொல்வாள்: "பி.டி. மிஸ் சொன்னாங்க."

அன்றைய நாளில் அவள் தமிழில் சொல்லும் ஒரே வாக்கியம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். என் கணவருக்கு ஹைதராபாத் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் மாரெட்பள்ளிக்குக் குடிவந்தோம். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை செய்கிறேன். மகள் இங்கேயே வளர்ந்தாள். கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு தெலுங்கு, ஆட்டோக்காரரோடு இந்தி, என்னோடு ஆங்கிலம். நான் தமிழில் கேட்பேன். "யெஸ் மம்மி", "நோ மம்மி" என்று பதில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் உயிரெழுத்து அட்டையை விரித்து உட்காரவைத்தால் கொட்டாவி விடுவாள். வற்புறுத்தினால் தமிழே பிடிக்காமல் போய்விடுமோ என்று பயம். விட்டுவிட்டால் பேச்சே போய்விடுமோ என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அட்டையை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தேன். அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு முழுத் தமிழ் வாக்கியம் தினமும் நுழைகிறது, அதில் எழுவாயாக இன்னொரு பெண்மணி இருக்கிறார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மிஸ் செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஐம்பதை நெருங்கும் வயது. நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பார். சல்வாருக்கு மேல் துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்திருப்பார். காலில் ஆண்கள் போடுகிற மாதிரிப் பெரிய ஷூ. காலையில் அசெம்பிளியில் பிள்ளைகளை வரிசைப்படுத்துவது அவர்தான். நகம் வெட்டியிருக்கிறதா, ரிப்பன் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். ஏதாவது டீச்சர் வராவிட்டால் அந்த வகுப்புக்கும் அவரைத்தான் அனுப்புவார்கள். விழுந்து முழங்கால் தேய்ந்த பிள்ளை, பல் விழுந்த பிள்ளை, வாந்தியெடுத்த பிள்ளை எல்லாம் அவரிடம் போகும். தண்ணீர் பாட்டிலைத் தொலைத்த பிள்ளையும் அவரிடம்தான் போகும். பள்ளி விட்டதும் கேட்டில் நின்று, யார் யாரோடு போகிறார்கள் என்று பார்த்து ஒவ்வொன்றாக வெளியே விடுவார். இதற்கெல்லாம் நடுவில் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார்.

ஆரம்பத்தில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. பாடம் எதுவும் இல்லாதவர் என்பதால் எல்லாச் சில்லறை வேலைகளையும் அவர் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் கேட்டில் காத்திருந்தபோதுதான் உறைத்தது. நகம், ஷூ லேஸ், தண்ணீர் குடிப்பது, விழாமல் நடப்பது, விழுந்தால் மருந்து போடுவது. இவை என் பாடங்கள். காலை முதல் இரவு வரை நான் நடத்திக்கொண்டிருக்கும் அதே பாடங்களைத்தான் அவரும் நடத்துகிறார். நான் சொன்னால் காதில் விழாதது அவர் சொன்னால் விழுகிறது. முட்டையின் மஞ்சள் கருவை வருடக்கணக்காகத் தட்டோரம் ஒதுக்கியவள், ஒரு திங்கட்கிழமை அதைத் தின்றாள். நான் வாயைத் திறக்கவேயில்லை. காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். தின்று முடிக்கும் வரை அதைக் கேட்டுவிடக் கூடாது என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

மூச்சிரைப்பைப் பற்றி வருட ஆரம்பத்திலேயே அவரிடம் நேரில் சொல்லியிருந்தேன். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, வியர்வையோடு காற்றில் நிற்கக் கூடாது. எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார். "ஹவ் மா, ஓட விடமாட்டேன்" என்றார். ஹைதராபாத்தில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் சொல். பிறகு என் மகளைக் குனிந்து பார்த்து, "ஓட நக்கோ. எனக்கு ஹெல்ப் பண்ணு, சரியா?" என்றார். வேண்டாம் என்பதை அவ்வளவு லேசாகச் சொல்ல முடியும் என்பது எனக்குத் தெரியாது. நான் வேண்டாம் என்றால் வீட்டில் அழுகை. அவர் நக்கோ என்றதும் பிள்ளை தலையாட்டிச் சிரித்தது. கோடு போடும்போது கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது அவளுக்குக் கிடைத்த வேலை. தூள் கொட்டுவதெல்லாம் மிஸ்தானாம், பிள்ளையின் முகத்தில் கைக்குட்டை கட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பாராம். குறைசொல்ல இடம் வைக்காதவர்மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒருநாள் வழக்கத்தைவிட முன்னதாகவே பள்ளிக்குப் போய்விட்டேன். மைதானத்துச் சுவருக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி நின்றிருந்தேன். உள்ளே கோ-கோ நடந்துகொண்டிருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: துரத்துகிற அணி வரிசையாக உட்கார்ந்திருக்கும். வரிசையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பம். துரத்துகிறவள் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகைத் தொட்டு 'கோ' சொன்னால், அவள் எழுந்து துரத்த வேண்டும். எழுந்தவள் ஒரு கம்பத்தை நோக்கிக் கிளம்பிவிட்டால் பாதியில் திரும்பக் கூடாது. அதனால் எந்தப் பக்கம் போவது என்பதுதான் முக்கியம். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அந்தால! ஏட்டி, அந்தால போ! இந்தால வா, வெரசா, வெரசா!"

எங்கள் ஊர்த் தமிழ். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்பதற்கு நாங்கள் சொல்வது. செகந்திராபாத் மிஸ்ஸுக்கு அந்தச் சொற்கள் தெரிந்திருக்க வழியில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு கம்பத்தின் அருகில் பெஞ்சில் உட்கார்ந்து என் மகள் கத்திக்கொண்டிருந்தாள். அவள் கத்தக் கத்த, வீட்டில் தெலுங்கும் இந்தியும் பேசுகிற பெண்கள் 'அந்தால'வுக்கும் 'இந்தால'வுக்கும் பாய்ந்து திரும்பினார்கள். எதிரணிக்குப் புரியாமல் இருக்கத் தமிழில் கத்துவது என்பது மிஸ்ஸின் யோசனையாம். எந்தத் தமிழ் என்பது இவள் யோசனை. நான் ஊரிலிருக்கும் அக்காவோடு போனில் பேசும்போது மட்டும் என்னையறியாமல் வருகிற தமிழ் அது. பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருப்பாள். கவனிக்கிறாள் என்றே நான் நினைத்ததில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் சொற்களை என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லாமல், எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பெண்மணியிடம் கொடுத்திருக்கிறாளே என்பதுதான் முதலில் தோன்றியது.

அன்று அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். "ஏட்டி, பிள்ளை தமிழ் பேசுதுன்னு சந்தோஷப்படாம யாருகிட்டப் பேசுதுன்னா அழுத?" என்றாள் அவள். கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "பேசாம நீயும் ஒரு விசில் வாங்கிக் கழுத்துல மாட்டிக்கோயேன்" என்றார். இருவர்மேலும் வருத்தம். யோசித்துப் பார்த்தால் இருவரும் சொன்னதில் தவறு இல்லை. அதுவும் வருத்தமாகத்தான் இருந்தது.

டிசம்பரில் ஒரு மாலை கேட்டில் மிஸ் என்னை நிறுத்தினார். "சனிக்கிழமை மல்காஜ்கிரில டோர்னமெண்ட். உங்க பொண்ணு வரணும்."

"மூச்சிரைப்பு, மிஸ். சொல்லியிருக்கேனே."

"ஹவ், சொன்னீங்க. ஒரு நாளாச்சும் ஓட விட்டேனா? அவ ஓட நக்கோ. உக்காந்து கத்துனா போதும். அவ கத்தாட்டி என் டீம் ஓடாது."

"வேற ஸ்கூல் கிரவுண்டு. தூசியா இருக்கும்."

"கைக்கு மா, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? நீங்களும் வாங்க. பக்கத்துல நில்லுங்க. தூசி வந்தா நீங்களே ஊதித் தள்ளுங்க."

சுற்றி நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? கேட்டுக்கு உள்ளே நின்றிருந்த என் மகள் என்னைப் பார்க்கவில்லை. நான் சரி என்று சொல்லிவிட்டேனா என்பதை மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

சனிக்கிழமை அவர்கள் பள்ளி பஸ்ஸில் போனார்கள். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். பையில் இன்ஹேலர், ஸ்வெட்டர், சுடுதண்ணீர் ஃபிளாஸ்க். மைதானம் நான் பயந்த அளவுக்குத் தூசியாக இல்லை. காலையிலேயே தண்ணீர் தெளித்திருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள், அதனால் என் மகள் கத்துவதை யாரும் தடுக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளியோடு ஆட்டம் ஆரம்பித்தது. "அந்தால!" என்றாள். எங்கள் பெண் ஒருத்தி அந்தக் கம்பத்தை நோக்கிப் பாய்ந்தாள். எதிரணிப் பெண் அதற்குள் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். மறுபடி "இந்தால!" மறுபடி அதேதான். எதிரணியின் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், என் மகள் வாயைத் திறந்ததும் தன் ஆட்களுக்குத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

இடைவேளையில் அந்த இரட்டைச்சடை தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எங்கள் பக்கமாக வந்தாள். என் மகளிடம் நல்ல தமிழில், "எங்க வீட்லயும் தமிழ்தான். எங்கப்பா ரயில்வே. கத்து கத்து, இன்னும் சத்தமா கத்து, நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மல்காஜ்கிரின்னா ரயில்வே. ரயில்வேன்னா பாதி நம்ம ஆளுங்க. இங்கயே பொறந்து வளந்தவ நான், எனக்கு இது தோணல பாருங்க!" பிறகு என் மகளின் தலையைத் தடவி, "விடு பேட்டா. இனிமே கத்த நக்கோ. அவங்களே பாத்து ஆடட்டும்" என்றார்.

பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. ஓடவும் கூடாது, கத்தவும் கூடாது என்றால் அங்கே அவளுக்கு என்ன இருக்கிறது? ஓடக் கூடாது என்றது நான். அந்த முகத்தோடு அவள் என்னிடம் வருவாள் என்று ஃபிளாஸ்க்கைத் திறந்து வைத்திருந்தேன். வரவில்லை. தன் அணியைக் கூப்பிட்டு வட்டமாக நிற்கவைத்தாள். ஷூ நுனியால் தரையில் நீளமாக ஒரு கட்டம் வரைந்தாள். ஒரு முனையைக் காட்டி ஏதோ சொன்னாள், மறுமுனையைக் காட்டி ஏதோ சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி தலையில் கைவைத்துத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

ஆட்டம் தொடங்கியது. என் மகள் எழுந்து நின்று, "குக்கர்! குக்கர்!" என்று கத்தினாள்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அடுத்து "பால்கனி!" என்றாள். எங்கள் பெண் சரியான கம்பத்துக்குப் பாய்ந்து ஒருத்தியைத் தொட்டுவிட்டாள். அப்போதுதான் புரிந்தது. அவள் வரைந்தது எங்கள் வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு அது. ஒரு முனையில் அடுப்படி, மறுமுனையில் பால்கனி. அடுப்படியில் நின்று நான் குரல் கொடுத்தால் பால்கனியிலிருந்து அவள் வர வேண்டும். அந்தப் பெண்கள் அவள் பிறந்தநாளுக்கு வந்து அந்த வீட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியவர்கள். எதிரணிப் பெண் வரிசைக்குக் கிட்டே வந்ததும் என் மகள் என் குரலிலேயே, நான் அலறுகிற அதே பதற்றத்தோடு, "பால் பொங்குது! பால் பொங்குது!" என்றாள். உடனே 'கோ' கொடு என்று அதற்கு அர்த்தமாம். இரட்டைச்சடை குழம்பிப்போய், பால் பொங்குகிறது என்கிறாள் என்று தெலுங்கில் அப்படியே சொல்ல, அவர்கள் பெஞ்சே சிரித்தது. ஓடிக்கொண்டிருந்தவளும் சிரித்துத் திரும்பியதில் அகப்பட்டுக்கொண்டாள்.

மிஸ் என் பக்கம் வந்தார். "என்னங்க இது? குக்கருங்கறா, பாலுங்கறா. எனக்கே ஒண்ணும் புரியல. கோச் நானு!"

அந்த வருடம் முழுக்க நான் காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. "அது எங்க வீட்டுல சொல்றது, மிஸ்" என்றேன். அதற்குமேல் விளக்கவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். நான் மைதானத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அவருடைய அணி, அவருடைய விளையாட்டு, அவருக்குப் புரியாத பேச்சு. அங்கிருந்த பெரியவர்களில் அது புரிந்தது எனக்கு மட்டும்தான். முதல் பாதியில் இழந்ததை ஈடுகட்ட முடியாமல் எங்கள் பிள்ளைகள் தோற்றுத்தான் போனார்கள். அது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்துதான் ஒப்படைப்பது என்பது விதி. அதனால் திரும்பும்போதும் அவள் பஸ், நான் ஸ்கூட்டர். எனக்கு முன்பே பஸ் வந்துவிட்டிருந்தது. மிஸ் வழக்கம்போலக் கேட்டில் நின்று ஒவ்வொரு பிள்ளையாக விட்டுக்கொண்டிருந்தார். என் மகள் ஏறி உட்கார்ந்ததும் நான் வண்டியைக் கிளப்பினேன். பின்னாலிருந்து அவர் கையை நீட்டிக் கத்தினார். "குக்கர் பக்கம் போங்க மா! பால்கனி பக்கம் பூரா ஜாம்!"

ஒரு பஸ் பயணத்துக்குக்கூட அந்த ரகசியம் தாங்கவில்லை. அவர் கை காட்டிய பக்கமே நான் திரும்பினேன். வேறு வழியில்லை, மறுபக்கம் உண்மையிலேயே வண்டிகள் அடைத்து நின்றன.

இப்போது என் மகள் ஏழாம் வகுப்பு. மிஸ் அந்தப் பள்ளியை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்திருக்கும் சார் எல்லாவற்றையும் போனில் குழுவுக்கு அனுப்பிவிடுகிறார், நாளை வெள்ளைச் சீருடை, மறுநாள் ஃபிட்னஸ் டெஸ்ட் என்று. ஒழுங்கான மனிதர். அவர் பேச்சை என் மகள் வீட்டில் எடுத்து நான் கேட்டதே இல்லை. இதில் எனக்கு நிம்மதி வர வேண்டும். வந்ததா என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் மிஸ்ஸுக்குப் போன் செய்து அரைமணி நேரம் பேசும்போது, அந்த அறையில் எனக்கு ஏதாவது வேலை இருக்கத்தான் செய்கிறது.

அந்தச் சனிக்கிழமை, வீட்டுக்கு வரும் வழியில், நான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "நம்ம வீட்டு விஷயத்தை அவங்ககிட்ட ஏன் சொன்ன?"

"கேட்டாங்க மம்மி."

"நான் எதுவும் கேக்கறதில்லையா?"

முதுகுக்குப் பின்னால் அவள் யோசிப்பது தெரிந்தது. "நீ சாப்டியான்னு கேப்ப. ஸ்வெட்டர் எங்கன்னு கேப்ப. அதுக்கு யெஸ் நோ போதும்ல?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சிக்னலில் நின்றபோது ஸ்வெட்டரைப் போடச் சொல்ல வாயெடுத்தேன். மென்று விழுங்கிவிட்டு, "அந்த ரெட்டைச்சடைப் பொண்ணு கடைசில உங்கிட்ட வந்து என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், தொடங்கிவிட்டாள். தமிழில். தெரியாத இடத்தில் இந்தியைச் செருகி, தெலுங்கைச் செருகி, என் தோளைத் தட்டித் தட்டி, அந்தப் பெண் சொன்னது, இவள் திருப்பிச் சொன்னது, பஸ்ஸில் யார் அழுதது, யார் பாட்டுப் பாடியது எல்லாம். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை மிஸ் வந்தார். மிஸ் சிரித்தார், மிஸ் திட்டினார், மிஸ் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக்கொடுத்தார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்றது. நடுவில் ஏதாவது சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று வெறுமனே "ம்" கொட்டிக்கொண்டே வந்தேன். எங்கள் தெரு வந்தது. நான் திரும்பாமல் நேராகப் போனேன்.